கம்ப்ளெயின்ட் பண்ணினால் பிள்ளையைக் கொண்டு போயிடுவினமோ?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் கிழக்கு லண்டனில இருக்கிறம். மகனுக்கு ஏழு வயசு, ஓட்டிசம், கதைக்கமாட்டான், இரவில மூண்டு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொள்ளமாட்டான். போன செப்டெம்பர் நானே கவுன்சிலுக்கு போன் பண்ணி உதவி கேட்டனான். நவம்பரில அசெஸ்மென்ட் செய்து கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வீட்டுக்கு ஒராள் வந்து அவனைப் பார்க்கிறது எண்டு எழுதினவை, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வரேல்லை. ஜனவரியில ரோட்டுக்கு ஓடினவனை இழுத்துப் பிடிச்சதில கையில கண்டல் வந்து, பள்ளிக்கூடம் ரிப்போர்ட் பண்ணி, சைல்ட் ப்ரொடெக்ஷன் எண்டு ரெண்டு பேர் வந்து விசாரிச்சவை. இன்டர்பிரிட்டர் இல்லை, என்ர 12 வயசு மகள்தான் மொழிபெயர்த்தவள். பிறகு பிரச்சினை இல்லை எண்டு சொல்லி 'சைல்ட் இன் நீட் பிளான்', அதாவது உதவி தேவைப்படுற பிள்ளைக்கான திட்டம், போட்டினம். இதுக்குள்ள நாலு சோசல் வேர்க்கர் மாறியாச்சு. ஏப்ரலில போனில கம்ப்ளெயின்ட் பண்ணினன். ரெண்டு கிழமைக்கு முதல் 'மனேஜர் உங்களோட கதைச்சிட்டா, விசயம் முடிஞ்சுது' எண்டு ஒரு இமெயில். இதோட விடு, இன்னும் தோண்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம் எண்டு கணவர் பயப்பிடுறார். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு முதல்ல காலண்டரைத்தான் பார்த்தன், ஏனெண்டு கடைசியில சொல்லுறன். நான் 11 வருசம் ஒரு கவுன்சிலில சோசல் வேர்க்கரா இருந்திட்டு இப்ப தாய் தகப்பன்மாரோட மீற்றிங்குகளுக்குப் போற வேலை செய்யிறன், அதால மேசைக்கு ரெண்டு பக்கத்திலயும் இருந்து பார்த்த ஆள் எண்டு நினைச்சு இதை வாசியுங்கோ.

உங்கட கணவர்ர பயத்திலயே தொடங்குவம், ஏனெண்டால் அந்தப் பயம் போகாமல் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் செய்யப்போறேல்லை. இங்கிலாந்தில ஒரு பிள்ளையை வீட்டை விட்டு எடுக்கிறதுக்கு இருக்கிற வழியள் எண்ணி நாலுதான். உடனடி ஆபத்து எண்டால் பொலிஸ் எடுக்கலாம், அதுவும் கூடினது 72 மணித்தியாலம். எமர்ஜென்சி ப்ரொடெக்ஷன் ஓடர் எண்டு கோர்ட்டில வாங்கலாம், அது எட்டு நாள், நீட்டினால் இன்னும் ஏழு நாள். மூண்டாவது, பிள்ளையைக் கவுன்சிலின்ர பொறுப்பில விடுற கெயார் ஓடர், அதுவும் கோர்ட்தான் குடுக்கவேணும், அந்த வழக்கில தாய் தகப்பனுக்கு எவ்வளவு சம்பளம் எண்டு பார்க்காமல் லீகல் எய்ட் லோயர் கிடைக்கும். நாலாவது, 'செக்ஷன் 20' எண்டுறது, நீங்களே சம்மதிச்சு விடுறது. இந்த நாலிலயும் 'தாய் கம்ப்ளெயின்ட் பண்ணினா' எண்டுறது ஒரு காரணமே இல்லை. கம்ப்ளெயின்ட் பார்க்கிற டீமும் உங்கட சோசல் வேர்க்கர்ர டீமும் வேற வேற, பிள்ளையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கிற அதிகாரம் கம்ப்ளெயின்ட்ஸ் மனேஜருக்குக் கிடையாது. சோசல் வேர்க்கருக்கு உங்களில ஒரு கோபம் வராதோ எண்டு கேட்டால், வரலாம், மனிசர்தானே. ஆனால் எழுத்தில ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கேக்க அவை கூடக் கவனமாத்தான் நடப்பினம், நான் உள்ளுக்க இருந்து கண்டது அது.

நாலாவதைப் பற்றி ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன், உங்களுக்கு இப்ப அது தேவையில்லாட்டிலும் இதை வாசிக்கிற வேற ஆருக்கும் தேவைப்படும். செக்ஷன் 20 பேப்பரை ஒருத்தரும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கவேண்டாம். 2015ல அப்பீல் கோர்ட் வடிவாச் சொல்லிப்போட்டுது, தாய் தகப்பனுக்கு இங்கிலீஷ் சரளமா வராட்டி அந்தப் பேப்பரை அவையின்ர மொழியில மொழிபெயர்த்து அதிலதான் கையெழுத்து வாங்கவேணும் எண்டு. சம்மதத்தைப் பிறகு திருப்பி எடுக்கவும் உரிமை இருக்கு.

சரி, உங்கட விசயம். கவுன்சிலுக்கு அனுப்பவெண்டு எழுதி, கடிதத்தோட நீங்கள் எனக்கு அனுப்பின நாலு பக்கக் கம்ப்ளெயின்டை முழுக்க வாசிச்சன், நெஞ்சு கனத்துப்போச்சு. ஆனால் அதை அப்பிடியே அனுப்பினால் வேலைக்கு ஆகாது தங்கச்சி. முதல் வரியே "என்னை ஒரு கெட்ட தாய் மாதிரி நடத்தினீங்கள்" எண்டு தொடங்குது. அது உண்மைதான், ஆனால் அதுக்கு அவை "நீங்கள் அப்பிடி உணர்ந்ததுக்கு வருந்துறம்" எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு ஃபைலை மூடிடுவினம். அந்த வரியை நானே எத்தினை பேருக்கு எழுதியிருக்கிறன் எண்டு நினைச்சால் இப்ப வெக்கமா இருக்கு. நீங்கள் எழுதவேண்டியது, தருவம் எண்டு எழுதினது என்ன, தராதது என்ன, எந்தத் திகதி. மூண்டாம் பக்கத்தில நடுவில ஒளிச்சு வைச்ச மாதிரி ஒரு வசனம் இருக்கு பாருங்கோ, "நவம்பர் அசெஸ்மென்ட்டில கிழமைக்கு ஆறு மணித்தியாலம் எண்டு நீங்களே எழுதினீங்கள்" எண்டு, அதுதான் முதல் வரியா வரவேணும்.

இதை இப்பிடி எழுதிப் பாருங்கோ: "போன நவம்பர் செய்த அசெஸ்மென்ட்டில என்ர மகனுக்குக் கிழமைக்கு ஆறு மணித்தியாலம் உதவியாள் தேவை எண்டு கவுன்சில் எழுதியிருக்கு. இண்டைக்கு வரைக்கும் ஒரு மணித்தியாலமும் கிடைக்கேல்லை. தாயான என்ர தேவையைப் பற்றி ஒருக்காலும் அசெஸ்மென்ட் செய்யேல்லை. ஜனவரி விசாரணையில என்ர 12 வயசு மகளை மொழிபெயர்க்க வைச்சவை. எனக்கு வேணுமானது: ஆறு மணித்தியாலம் எந்தத் திகதியில தொடங்கும் எண்டு எழுத்தில, இதுவரைக்கும் கிடைக்காததுக்குப் பரிகாரம், எனக்கு பேரன்ட் கேரர் அசெஸ்மென்ட், ஃபைலில உள்ள பிழையான குறிப்பைத் திருத்தித் தரவேணும், இனி எல்லா மீற்றிங்குக்கும் தமிழ் இன்டர்பிரிட்டர்." அவ்வளவுதான். ஒரு பக்கம். அழுகை, கோபம் எல்லாம் விசாரிக்க வாற ஆளோட நேரில கதைக்கேக்க வரட்டும், அது அங்க பலிக்கும்.

அந்த ஆறு மணித்தியாலத்துக்குப் பின்னால ரெண்டு சட்டம் இருக்கு. ஒண்டு சில்ட்ரன் ஆக்ட் 1989, அதில செக்ஷன் 17ன் கீழதான் உங்கட சைல்ட் இன் நீட் பிளான் வருது. மற்றது 1970ம் ஆண்டுச் சட்டம், க்ரோனிக்கலி சிக் அண்ட் டிசேபிள்ட் பேர்சன்ஸ் ஆக்ட் எண்டு சொல்லுவினம், அதில செக்ஷன் 2. வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கிற மாதிரியான உதவி அவசியம் எண்டு கவுன்சிலே இந்தச் சட்டத்தின் கீழ ஒத்துக்கொண்டால், பிறகு பட்ஜெட் இல்லை, ஆளில்லை எண்டு சொல்லி இழுக்க ஏலாது, குடுத்தே ஆகவேணும். கனபேருக்கு இது தெரியாது, சில சோசல் வேர்க்கர்மாருக்கும் தெரியாது. பேரன்ட் கேரர் அசெஸ்மென்ட் எண்டுறது 2014ம் ஆண்டுச் சட்டத்தோட வந்தது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை வளர்க்கிற தாய்க்கோ தகப்பனுக்கோ என்ன தேவை, நித்திரை கொள்ளுறாவா, வேலைக்குப் போக ஏலுமா எண்டு தனியப் பார்க்கிறது. நீங்கள் கேட்டால் செய்யவேணும், நீங்கள் கேட்காட்டிலும் தேவை இருக்கும்போல தெரிஞ்சால் செய்யவேணும். மூண்டு மணித்தியால நித்திரையில ஏழு வருசம் இருக்கிற ஒரு தாயைப் பார்த்து நாலு சோசல் வேர்க்கரில ஒருத்தருக்கும் அது தெரியேல்லை எண்டால் அதை எழுதத்தான் வேணும்.

இப்ப மகள் மொழிபெயர்த்த விசயம். இதிலதான் நான் கொஞ்சம் நிண்டு கதைக்கப்போறன். ஃபைலில "பிள்ளைக்கு அடிக்கிறதாகத் தாய் ஒத்துக்கொண்டா" எண்டு இருக்கிறதாக அந்த நாலு பக்கத்தில எழுதியிருந்தீங்கள், நீங்கள் சொன்னது "ரோட்டுக்கு ஓடினால் அடி விழும் எண்டு வெருட்டுவன்" எண்டதாம். எங்கட வீடுகளில "அடி விழும்", "கொல்லுவன்", "தோலை உரிப்பன்" எண்டெல்லாம் சொல்லாத தாய் ஆர்? 12 வயசுப் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில சொன்னால் கேக்கிறவைக்கு அது வாக்குமூலம். பிழை மகளில இல்லை, அந்தப் பிள்ளை இப்ப தன்னாலதான் எல்லாம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும், அவளிட்ட ஒருக்கா இருந்து கதையுங்கோ. பிள்ளையளை மொழிபெயர்க்க விடக்கூடாது எண்டுறது இந்த வேலைக்கு வாற எல்லாருக்கும் முதல் வருசத்திலயே சொல்லித்தாற விசயம். 2000ம் ஆண்டு லண்டனில கொடுமைப்பட்டுச் செத்த விக்டோரியா கிளிம்பியே எண்ட பிள்ளையின்ர விசயத்தில லார்ட் லாமிங் 2003ல எழுதின அறிக்கையில, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத பிள்ளையோட பாதுகாப்பு விசயமாக் கதைக்கிறதெண்டால் இன்டர்பிரிட்டர் கட்டாயம் எண்டு தனிப் பரிந்துரையே இருக்கு. ஒரு மொழி ஒழுங்கா விளங்காமல் பிள்ளையைக் காப்பாத்தவும் ஏலாது, தாயை நியாயமா விசாரிக்கவும் ஏலாது.

நானும் அந்தப் பிழை விட்டனான். சோசல் வேர்க்கரா இருக்கேக்க ஒரு தமிழ் அம்மாவுக்கு இன்டர்பிரிட்டர் இல்லாமல் பிளானைச் சொல்லி முடிய அவ "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினா, நான் "தாய் பிளானுக்குச் சம்மதிச்சா" எண்டு எழுதினன். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்டர்பிரிட்டரோட போனால் அவ சொல்லுறா, "நீங்கள் கதைக்கிறது கேக்குது எண்டு சொல்லத்தான் ஓம் போட்டனான் பிள்ளை". நான் தமிழச்சி, எனக்கே அது பிடிபடேல்லை, ஏனெண்டால் ஒஃபிஸ் விதிப்படி இங்கிலீஷில கதைச்சுக்கொண்டிருந்தன். அதால சொல்லுறன், விளங்காட்டி ஓம் போடாதேங்கோ. "எனக்கு விளங்கேல்லை, எழுதித் தாங்கோ" எண்டு சொல்லுங்கோ, நூறு தரம் எண்டாலும் சொல்லுங்கோ.

ஃபைலில என்னதான் இருக்கு எண்டு பார்க்க 'சப்ஜெக்ட் அக்ஸஸ் ரிக்வெஸ்ட்' எண்டு ஒரு இமெயில் போடுங்கோ, காசு இல்லை, ஒரு மாதத்துக்குள்ள தரவேணும், சிக்கலான கேஸ் எண்டால் இன்னும் ரெண்டு மாதம் நீட்டலாம். மற்ற ஆக்களின்ர விபரங்களை மறைச்சுத்தான் தருவினம். நடந்த விசயம் பிழையா எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். சோசல் வேர்க்கர்ர அபிப்பிராயத்தை அழிக்கமாட்டினம், ஆனால் "தாய் இதை மறுக்கிறா, அவ சொன்னது இது" எண்டு பக்கத்தில சேர்க்கச் சொல்லிக் கேக்கலாம். "அடிக்கிறதாக ஒத்துக்கொண்டா" எண்ட அந்த வரிக்குப் பக்கத்தில உங்கட பதில் இருக்கிறது நல்லது, பிற்காலத்தில ஆர் அந்த ஃபைலைத் திறந்தாலும் ரெண்டையும் வாசிப்பினம். அதோட ஒரு விசயம், வேல்ஸில 2022ல, ஸ்கொட்லாந்தில 2020ல பிள்ளைக்கு அடிக்கிறதை முழுசாத் தடை செய்தாச்சு, இங்கிலாந்துச் சட்டத்தில கொஞ்ச இடம் இருக்கெண்டாலும் அதை நம்பி ஒருத்தரும் கை வைக்காதேங்கோ.

கம்ப்ளெயின்ட் எப்பிடிப் போகும் எண்டு சொல்லுறன். செக்ஷன் 17 உதவி சம்பந்தமான கம்ப்ளெயின்டுக்கு 2006ம் ஆண்டு விதியளின்படி மூண்டு ஸ்டேஜ் இருக்கு. இது கவுன்சில் விரும்பினால் செய்யிற விசயம் இல்லை, சில்ட்ரன் ஆக்ட் செக்ஷன் 26ல இருந்து வாறது. ஸ்டேஜ் 1ல 10 வேலைநாளுக்குள்ள பதில், சிக்கல் எண்டால் 20. எழுத்திலதான் குடுக்கவேணும் எண்டில்லை, வாயால சொன்னாலும் கம்ப்ளெயின்ட்தான், அதால உங்கட ஏப்ரல் போன் கோல் கணக்கில சேரும். அதில திருப்தி இல்லாட்டி ஸ்டேஜ் 2, அதில விசாரணை அதிகாரி ஒருத்தரும் அவரோட கவுன்சிலைச் சேராத சுயாதீன ஆள் ஒருத்தரும் சேர்ந்து விசாரிப்பினம், 25 வேலைநாள், நீட்டினால் கூடினது 65. அதுக்கும் பிறகு ஸ்டேஜ் 3, வெளியாள் மூண்டு பேர் இருக்கிற பனல், கேட்டு 30 வேலைநாளுக்குள்ள கூடவேணும்.

கவுன்சிலுகள் தடக்குப்படுறது அனேகமா இந்த ஸ்டேஜ் 2 வாசலிலதான். "மனேஜர் கதைச்சிட்டா", "இதுக்கு மேல விசாரிச்சுப் பிரயோசனம் இல்லை", "முதல் மீற்றிங் ஒண்டு வைப்பம்" எண்டு சொல்லி நிப்பாட்டப் பார்ப்பினம். ஸ்டேஜ் 1க்கு ஏத்துக்கொண்ட கம்ப்ளெயின்டை நீங்கள் விரும்பினால் ஸ்டேஜ் 2க்குக் கொண்டு போகத்தான் வேணும், அதை மறுக்கிற உரிமை அவைக்கு இல்லை. கவுன்சிலுகளின்ர பிழையளை வெளியில இருந்து விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் கவுன்சிலுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவாற விசயம் இது.

ஆனால் எல்லாம் இந்தப் பாதையால போகாது. ஜனவரியில நடந்த விசாரணை செக்ஷன் 47ன் கீழ வாறது, பிள்ளைக்குக் கடுமையான தீங்கு எண்டு சந்தேகம் வந்தால் விசாரிக்கிறது அவையின்ர கடமை, அந்த விசாரணை நடந்ததையே பிழை எண்டு வாதாடாதேங்கோ. பள்ளிக்கூடம் கண்டலைக் கண்டு சொல்லாமல் விட்டிருந்தால்தான் பிழை. விசாரிச்ச விதத்தைப் பற்றிக் கேளுங்கோ, இன்டர்பிரிட்டர் ஏன் இல்லை எண்டு கேளுங்கோ. அந்தப் பகுதியைக் கவுன்சில் தன்ர சாதாரணக் கம்ப்ளெயின்ட் முறையால பார்க்கலாம், ரெண்டையும் ஒரே கடிதத்தில தனித்தனித் தலைப்பாப் போட்டால் போதும், பிரிக்கிறது அவையின்ர வேலை. பள்ளிக்கூடத்தில கிடைக்கவேண்டிய உதவி, இஎச்சி பிளான் (விசேட தேவையுள்ள பிள்ளைக்குப் போடுற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) விசயம் எல்லாம் வேற பாதை, இதுக்குள்ள கலக்காதேங்கோ.

கவுன்சில் எல்லாம் முடிச்சும் சரிவராட்டி லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோசல் கேர் ஒம்புட்ஸ்மனிட்டப் போகலாம், காசு இல்லை, பிரச்சினை உங்களுக்குத் தெரிஞ்சு 12 மாதத்துக்குள்ள எண்டுறது பொது விதி, கவுன்சில் இழுத்தடிச்சதால பிந்தினால் அதைச் சொல்லலாம். மன்னிப்புக் கேக்க வைப்பினம், கிடைக்காமல் போன உதவிக்கும் பட்ட கஷ்டத்துக்கும் ஒரு தொகை குடுக்கச் சொல்லுவினம், அசெஸ்மென்டைத் திருப்பிச் செய்யச் சொல்லுவினம். சோசல் வேர்க்கரை வேலையால நிப்பாட்டமாட்டினம், கோர்ட்டில போன விசயத்தைத் தொடமாட்டினம். ஒரு சோசல் வேர்க்கர் பொய் எழுதினா, மிக மோசமா நடந்தா எண்டால் அதுக்கு சோசல் வேர்க் இங்கிலாண்ட் எண்டு தனி அமைப்பு 2019 டிசம்பரில இருந்து இருக்கு. உங்கட விசயத்துக்கு அது வேண்டாம் எண்டுதான் என்ர அபிப்பிராயம், நாலு பேர் மாறினது அந்த நாலு பேரின்ர பிழை இல்லை.

கம்ப்ளெயின்ட் ஓடிக்கொண்டிருக்கேக்க பிளான் நிக்காது, அதை மறக்காதேங்கோ. சைல்ட் இன் நீட் எண்டுறது உங்கட சம்மதத்தோட நடக்கிறது, வேண்டாம் எண்டு சொல்லலாம்தான், ஆனால் கோபத்தில கதவைச் சாத்தினால் அவைக்குக் கவலை கூடி விசயம் திருப்பி செக்ஷன் 47க்குப் போக இடமிருக்கு. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறவுங்கோ, தேத்தண்ணி குடுக்கத் தேவையில்லை, மரியாதையாக் கதைச்சு, வந்த திகதி, ஆள்ர பேர், என்ன சொன்னவ எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ, அண்டைக்கு இரவே "இண்டைக்கு நீங்கள் இப்பிடிச் சொன்னீங்கள்" எண்டு ரெண்டு வரி இமெயில் போடுங்கோ. வட்ஸ்அப் குரூப்பில சனம் சொல்லுறதைக் கேட்டுப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிற யோசினை மட்டும் வேண்டாம், தங்கச்சி. கேஸ் திறந்திருக்கேக்க சொல்லாமல் பிள்ளையை நாட்டை விட்டு அனுப்பினால் அவை அதை ஓடி ஒளிக்கிறதாத்தான் எடுப்பினம், நல்லா வரவேண்டிய கேஸ் ஒண்டு அதால நாசமாப்போனதை நான் கண்ணால கண்டனான்.

தனிய மீற்றிங்குக்குப் போகாதேங்கோ. தாய் தகப்பனுக்கு மீற்றிங்கில துணையா இருந்து கதைக்கிற அட்வகேட் (லோயர் இல்லை) தாறது சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் சில கவுன்சிலுகள் காசு குடுத்து வைச்சிருக்கு, எழுதிக் கேளுங்கோ. ஃபமிலி ரைட்ஸ் குரூப் எண்ட அமைப்பு இங்கிலாந்தில இருக்கிற பெற்றோருக்கு இலவசமா ஆலோசனை சொல்லுது, இந்தச் சட்டமெல்லாம் அவைக்குத் தண்ணிபட்ட பாடு. ஆறு மணித்தியாலம் இனியும் தொடங்காட்டி கம்யூனிட்டி கேர் செய்யிற லோயர் ஒருத்தரைப் பாருங்கோ, மகன்ர பேரில லீகல் எய்ட் கிடைக்கிற சந்தர்ப்பம் இருக்கு, ஒரு லோயர் கடிதத்துக்குப் பிறகு அடுத்த கிழமையே ஆள் வந்ததும் உண்டு. கவுன்சிலைக் கோர்ட்டுக்குக் கொண்டு போற அந்த வழிக்கு மூண்டு மாதக் கெடு இருக்கு, அதால பிந்தாதேங்கோ.

இனி அந்தக் காலண்டர். 'விசயம் முடிஞ்சுது' எண்டு இமெயில் வந்து ரெண்டு கிழமை எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஸ்டேஜ் 1 பதில் வந்து 20 வேலைநாளுக்குள்ள ஸ்டேஜ் 2 கேக்கவேணும், எண்டால் உங்களுக்கு இன்னும் ரெண்டு கிழமைதான். அது ஸ்டேஜ் 1 பதிலே இல்லை எண்டு அவை சொன்னாலும் பரவாயில்லை, ஏப்ரலில இருந்து 20 வேலைநாள் எப்பவோ தாண்டிட்டுது, அப்பவும் ஸ்டேஜ் 2 கேக்கலாம். பெரிய கடிதம் எழுதி முடிய அனுப்புவம் எண்டு இருக்காதேங்கோ. இண்டைக்கு இரவு மகன் படுத்த உடன, கம்ப்ளெயின்ட்ஸ் மனேஜருக்கு எண்டு போட்டு, "என்ர ஏப்ரல் கம்ப்ளெயின்டை சில்ட்ரன் ஆக்ட் 1989, செக்ஷன் 26ன் கீழ ஸ்டேஜ் 2க்குக் கொண்டு போகச் சொல்லிக் கேக்கிறன், விபரம் பின்னால வரும், எனக்குத் தமிழ் இன்டர்பிரிட்டர் வேணும்" எண்டு இந்த ஒரு வசனத்தை அனுப்புங்கோ. மகளிட்டக் குடுத்து இங்கிலீஷாக்க வேண்டாம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில தெரிஞ்ச பெரியாக்கள் ஆரிட்டையும் கேளுங்கோ, இல்லாட்டி தமிழிலயே அனுப்புங்கோ. என்ன பதில் வருது எண்டு பேர்களை மறைச்சு எனக்குத் திருப்பி எழுதுங்கோ, அந்த ஒரு பக்கத்தை ரெண்டு பேருமா இருந்து பார்ப்பம்.